இருபத்தேழாவது தழைக்கட்டு

பரணில் உத்திரத்தை ஒட்டி இருபத்தேழு ஆணிகள். ஒவ்வொரு ஆணியிலும் ஒரு பிர்ச் மரத் தழைக்கட்டு தலைகீழாகத் தொங்கியது. எல்லாம் ஜூன் கடைசியில், நடுக்கோடைத் திருநாளின் நெருப்பு அணைந்த அடுத்த வாரம், ஆய்லியின் அப்பா கல்யோ கட்டியவை. அந்தப் பத்து நாளில் ஒடித்தால்தான் இலை காம்பை விடாமல் பிடித்திருக்கும். முந்தினால் கசங்கிப் போகும், பிந்தினால் உதிரும். சவுனா என்கிற ஆவிக் குளியல் அறையில் கல்லடுப்பு காய்ந்து, தண்ணீர் ஊற்றி, ஆவி ஏறி, உடம்பு வியர்த்த பிறகு முதுகிலும் தொடையிலும் அடித்துக்கொள்ள இது வேண்டும். ஒரு சனிக்கிழமைக்கு ஒரு கட்டு. அன்றோடு அது குப்பை.

அக்டோபர் முதல் சனியிலிருந்து மார்ச் கடைசி சனி வரை இருபத்தாறு வாரம். ஒன்று உபரி. மாற்று ஃபியூஸ் இல்லாமல் கம்பத்தில் ஏறுகிறவன் மடையன் என்பார் கல்யோ.

செப்டம்பர் ஒன்பதாம் தேதி அவர் இறந்துபோனார். விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். இதயம். பாதி அடுக்கு அப்படியே நின்றது. மீதியைப் பக்கத்து வீட்டு ஹைனோ அடுக்கி முடித்தார். கல்யோ அடுக்கியது செங்கல் சுவர் மாதிரி நேராக இருக்கும். ஹைனோ அடுக்கியது குடித்துவிட்டு வந்தவன் மாதிரி சாய்ந்து நின்றது. இரண்டும் சேர்கிற இடம் எதுவென்று தூரத்திலிருந்தே சொல்லலாம். குளிர் தொடங்கியதும் அம்மா மீத்தா ஹைனோ பக்கத்திலிருந்துதான் விறகு எடுத்தாள். ஆய்லி அதைக் கவனித்தாள்.

கல்யோ நாற்பது வருஷம் மின்கம்பி வேலை பார்த்தவர். எஸ்தோனியாவின் தெற்கு மூலையில், வோருவுக்கும் லாத்விய எல்லைக்கும் இடையில் அவர் ஏறாத கம்பம் இல்லை. கம்பியில் உறைபனி விரல் தடிமனுக்குப் பிடித்து அறுந்து விழுகிற இரவுகளில் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மூன்று வயதில், சோவியத் ஆட்சி நாடு கடத்தியபோது, தாயோடு சைபீரியாவுக்கு ரயிலில் ஏற்றப்பட்டு, பதினோரு வயதில் திரும்பியவர். அந்த எட்டு வருஷத்துக் குளிரைப் பற்றி ஆய்லி எத்தனை முறை கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்.

"அங்க சனிக்கிழமை கிடையாது."

அவ்வளவுதான். மற்றபடி குளிரைப் பற்றி அவர் புலம்பி அவள் கேட்டதில்லை. குளிரை அவர் ஒரு பழுது மாதிரி பார்த்தார். எங்கே கசிகிறது, எதை வைத்து அடைக்கலாம் என்று. காலையில் கிளம்பும்போது கோட்டின் இரண்டு பையிலும் அவித்த உருளைக்கிழங்கு ஒவ்வொன்று. பத்து மணி வரை கை சூடாக இருக்கும், பத்து மணிக்கு உப்பைத் தொட்டுத் தின்றுவிடுவார். பூட்ஸுக்குள் செய்தித்தாள் மடித்து வைப்பார், அதுவும் விளையாட்டுப் பக்கம்தான். "அரசியல் பக்கத்துல சூடு நிக்காது," என்பார். தெர்மாஸில் பிளாக்கரண்ட் செடியின் குச்சிகளைப் போட்டுக் காய்ச்சிய தேநீர். லாரி இருக்கையில் பழைய ஆட்டுத்தோல். பின்மதியம் மூன்றரைக்கே இருட்டிவிடுகிற டிசம்பரில், வீட்டுக்குள் நுழைந்ததும் விளக்கைப் போடமாட்டார். அடுப்புக் கதவைத் திறந்து அந்த வெளிச்சத்தில் கால்மணி நேரம் உட்காருவார். கம்பியோடு நாள் முழுக்கப் போராடிவிட்டு வந்தவருக்கு மின்சாரத்தின் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்று அம்மா கேலி செய்வாள்.

எல்லாவற்றுக்கும் மேலே சனிக்கிழமை. "குளிர்காலம் என்ன பெரிய குளிர்காலம்? இருபத்தாறு சனிக்கிழமைதானே," என்பார். நடுவில் இருக்கிற நாட்கள் அவருக்குக் கம்பத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில் தொங்குகிற கம்பி மாதிரி.

ஊரில் எல்லோரும் தழைக்கட்டை இளம் பிர்ச் குச்சியை முறுக்கிக் கட்டுவார்கள். கல்யோ மட்டும் மஞ்சள் உறை போட்ட செம்புக் கம்பியால் கட்டுவார். வேலையில் மிஞ்சிய துண்டுகள். ஏழு சுற்று, முனை உள்ளே சொருகல், கையில் குத்தாது.

"ஏண்டா கல்யோ, இதுல கரன்ட் பாயுமா?" என்று ஹைனோ ஒவ்வொரு வருஷமும் கேட்பார்.

"உன் முதுகுல பாய்ஞ்சாதான் நீ எந்திரிச்சு ஏதாவது வேலை பாப்ப."

நாற்பது வருஷமாக இதே கேள்வி, இதே பதில். இரண்டு பேரும் ஒவ்வொரு முறையும் சிரித்தார்கள்.

அந்தக் குளிர்காலம் ஆய்லி முடிந்த சனிக்கிழமை எல்லாம் தாலினிலிருந்து வந்தாள். ஒரு வழி இருநூற்று எழுபது கிலோமீட்டர். தலைநகரத்து வீடுகளுக்குக் குழாய் வழியாக வெந்நீர்ச் சூடு அனுப்புகிற நிறுவனத்தில் அவள் பொறியாளர். லட்சம் வீடுகளைச் சூடாக வைப்பது அவள் வேலை. அவளுடைய வீட்டில் அவள் மட்டும்தான்.

சவுனாவில் எப்போதும் ஆண்கள் முதலில், சூடு உச்சத்தில் இருக்கும்போது. முன்பு கல்யோவும் ஹைனோவும் போவார்கள். இப்போது ஹைனோ தனியாகப் போனார். அரைமணியில் சிவந்து வெளியே வந்து, பனியில் நின்று ஆவி பறக்க மூச்சு விட்டார்.

"அதுக்குள்ள வந்துட்டீங்க, மாமா?" என்றாள் ஆய்லி.

"உள்ள பேச ஆளில்ல. கொஞ்ச நேரம் கல்லுகிட்ட பேசிட்டு வந்தேன்."

"கல்லு என்ன சொல்லிச்சு?" என்றாள் அவர் மனைவி வைக்கே, துண்டை நீட்டிக்கொண்டே.

"உன்னை மாதிரிதான். தண்ணி ஊத்தினா சீறுது."

பெண்கள் மூன்று பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் கல்யோவின் குரல் இல்லாதது தெரிந்தது.

பிறகு பெண்கள் போவார்கள். அம்மா தழைக்கட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, உதறி, வைக்கேயின் முதுகில் அடிப்பாள், வைக்கே ஆய்லிக்கு அடிப்பாள். ஊறிய இலையிலிருந்து வாசனை எழும்பும். ஜூன் மாத வாசனை. அப்பாவின் சட்டைக் கை, வியர்வை, பச்சைக் காம்பு ஒடிகிற வாசனை. வெளியே மைனஸ் இருபது டிகிரி உறைகுளிர். அந்த ஐந்து நிமிஷம் அம்மா கண்ணை மூடிக்கொள்வாள்.

ஜனவரியில் ஒரு நாள் அம்மா சொன்னாள்: "கடைசிக் கட்டு எனக்கு. மார்ச் முடியறப்போ. நீங்க எல்லாரும் குளிச்சிட்டுப் போயிடணும். நான் கடைசியா, தனியா போவேன்."

"மகாராணி," என்றாள் வைக்கே.

"ஆமா. ஒரு நாள் மகாராணி."

அதே ஜனவரியில்தான் ஆய்லி அதைச் செய்தாள். அடுத்த கட்டை எடுத்துவரப் பரணுக்கு ஏறியவள், தூரத்து மூலையில், ஓட்டுக்கு அடியில் தொங்கிய இருபத்தேழாவதைக் கழற்றினாள். மஞ்சள் கம்பியை விரலால் தடவினாள். ஏழு சுற்று. முனை உள்ளே. அவர் விரல் கடைசியாக அழுத்திய இடம் அதுதான் என்று தோன்றியது. உபரிதானே என்று நினைத்தாள். உபரி என்பது எதற்கும் தேவைப்படாமல் போகலாம். அதற்குப் பெயரே அதுதான். ஒரு பையில் சுற்றி காரில் வைத்தாள். அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி, பரண் மூலை வரை போவதில்லை, அங்கே விளக்கும் கிடையாது.

பிப்ரவரியில் தாலினில் ஒரு பெரிய குழாய் வெடித்தது. அந்த வாரம் அவளால் வர முடியவில்லை. ஞாயிறு காலை அம்மா போனில் கூப்பிட்டாள்.

"ஹைனோ ஒண்ணைக் கெடுத்துட்டான்."

"எதை?"

"தழைக்கட்டை. கொதிக்கிற தண்ணியில முக்கிட்டான். அத்தனை இலையும் சூப்பு மாதிரி மிதக்குது. கையில வெறும் விளக்குமாறு."

"கொதிக்கிற தண்ணியிலயா? பொறந்ததுலேருந்து சவுனா போறவரு, அவருக்குத் தெரியாதா?"

"ஏதோ நெனப்புல இருந்திருக்கான். வைக்கே சொல்றா, உள்ள உக்காந்து அழுதுட்டு இருந்தானாம். நான் ஒண்ணும் சொல்லல. இன்னொண்ணு எடுத்துக் குடுத்தேன்." அம்மா சற்று நிறுத்தினாள். "நல்லவேளை, உபரி ஒண்ணு இருக்கு. இல்லன்னா கடைசி வாரம் கையை வீசிட்டுத்தான் நிக்கணும். உங்கப்பா காரணமாத்தான் வெச்சிருக்காரு."

ஆய்லிக்குக் கணக்கு அந்த நொடியே புரிந்தது. இருபத்தாறு சனி. இருபத்தேழு கட்டு. ஒன்று கெட்டது, ஒன்று தன்னிடம். மார்ச் கடைசிச் சனிக்கு எதுவும் இல்லை.

"ஆமா," என்றாள்.

எடுத்துக்கொண்டு போய் மறுபடி மாட்டிவிடலாம், ஒருவருக்கும் தெரியாது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கிளம்பும்போது அதைப் பார்த்தாள். ஒவ்வொரு வெள்ளியும் அதை விட்டுவிட்டு வந்தாள். அடுத்த வாரம், அடுத்த வாரம். ஆறு வாரம்.

மார்ச் கடைசிச் சனி. கூரையிலிருந்து பகலில் நீர் சொட்டி, சாயங்காலம் மறுபடி உறைந்தது. அம்மா மதியமே சவுனாவை மூட்டிவிட்டாள். புதுத் துண்டு எடுத்து வைத்திருந்தாள்.

"போய் எடுத்துட்டு வா," என்றாள்.

ஆய்லி பரணில் ஏறி, காலி ஆணிகளின் முன்னால் நின்றாள். இறங்கி வந்தாள்.

"இல்லம்மா."

"இல்லியா? மூலையில பாரு, ஓட்டுக்குக் கீழ."

"பாத்தேன்."

அம்மா தானே ஏறினாள். ஒவ்வொரு படியிலும் முழங்காலில் சொடக்கு விழுகிற சத்தம் கேட்டது. மேலே வெகுநேரம் இருந்தாள். இறங்கும்போது அவள் முகம் வேறாக இருந்தது. நேராக வாசலுக்குப் போனாள். ஹைனோவும் வைக்கேயும் துண்டுமூட்டையோடு வந்துகொண்டிருந்தார்கள்.

"எங்க அது?"

"எது?" என்றார் ஹைனோ.

"ஒண்ணைக் கெடுத்தது போதாதுன்னு இன்னொண்ணையும் கெடுத்தியா? கெடுத்துட்டு மூடி மறைச்சிட்டியா?"

"மீத்தா, சத்தியமா நான் உன் பரண் பக்கமே போகல."

"பின்ன, எலி குளிக்கக் கொண்டுபோச்சா?"

"என்கிட்ட நான் கட்டினது மூணு இருக்கு. ஓடிப்போய் எடுத்துட்டு வர்றேன்."

"உன் கட்டு! இறகு உதிர்ந்த கோழி. கல்யோ சொல்றது சரிதான்."

நாற்பது வருஷம் கல்யோ ஹைனோவின் கட்டை அதே வார்த்தையால் கேலி செய்திருக்கிறார். அப்போதெல்லாம் ஹைனோ சிரித்திருக்கிறார். இப்போது சிரிக்கவில்லை. திரும்பி நடந்தார். வைக்கே ஒரு நொடி நின்று, "அவர் அங்க போகலை, மீத்தா," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அவர் பின்னால் போனாள்.

அம்மா சவுனாவுக்குள் போகவில்லை. நெருப்பைத் தானாக அணையவிட்டாள். சமையலறையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரிக்கத் தொடங்கினாள். தேவைக்கு மேல் உரித்துக்கொண்டே இருந்தாள்.

ஆய்லி எதிரே உட்கார்ந்தாள்.

"அம்மா. அது என்கிட்ட இருக்கு."

கத்தி நிற்கவில்லை. "எது?"

"கட்டு. தாலின்ல. ஜனவரியில எடுத்துட்டுப் போனேன்."

கத்தி நின்றது.

"எதுக்கு?"

"வெச்சுக்கறதுக்கு."

"வெச்சுக்கறதுக்கா? இந்த வீட்ல உங்கப்பா பண்ணினது எத்தனை இருக்கு. ஏணி இருக்கு. அலமாரி இருக்கு. எல்லாத்தையும் தூக்கிட்டுப் போ, நான் கேக்கமாட்டேன். போயும் போயும் தழைக்கட்டையா?"

"அதுல அவர் வாசனை இருந்துச்சு."

"எனக்கு மட்டும் மூக்கு இல்லியா?"

ஆய்லி கோபத்தில் சொன்னாள்: "நீ மட்டும் என்ன? அப்பா அடுக்கின விறகைத் தொடாம வெச்சிருக்க."

"தொடாம வெச்சிருக்கேனா? கடைசியா எரிக்கணும்னு வெச்சிருக்கேன். வைக்கிறதுக்கும் தள்ளிப்போடறதுக்கும் வித்தியாசம் இருக்கு." அம்மா கத்தியை மேஜையில் வைத்தாள். "ஒவ்வொரு வாரமும் அவசர அவசரமா அடிச்சுட்டு வந்தேன், ஆய்லி. எல்லாரும் குளிக்கணும், சூடு இறங்கிடும்னு. ஒண்ணு, ஒரே ஒண்ணு, மெதுவா, யாரும் இல்லாம, அந்த வாசனை தீர்ற வரைக்கும் உக்காந்திருக்கணும்னு நெனச்சேன். ஆறு மாசம் அதை நெனச்சுக்கிட்டேதான் ஒவ்வொரு நாளும் எந்திரிச்சேன்."

அம்மா இன்னொரு உருளைக்கிழங்கைக் கையில் எடுத்தாள்.

"ஹைனோகிட்ட யாரு சொல்றது?"

"நான் சொல்றேன்."

"இப்பவே போ. வழுக்கும், பாத்துப் போ."

ஹைனோ கதவைத் திறந்தார். ஆய்லி வாசலில் நின்றபடியே மூன்று வாக்கியத்தில் சொல்லி முடித்தாள்.

"அந்த மஞ்சக் கம்பி எங்கேருந்து வந்துச்சு தெரியுமா?" என்றார்.

"வேலையில மிஞ்சினது."

"மிஞ்சினதா! சர்க்கார் குடோன்லேருந்து சட்டைக்குள்ள சுத்திட்டு வருவான் உங்கப்பன். குண்டாயிட்டானோன்னு நானே நெனச்சிருக்கேன். அவன் மகதானே நீ." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உள்ள வா. குளிருது."

ஞாயிறு மாலை தாலின் வீட்டுக்குப் போனதும் கோட்டைக்கூடக் கழற்றாமல் படுக்கையறைக்கு நடந்தாள். தழைக்கட்டு சூட்டுக் குழாய்க்குப் பக்கத்தில் கொக்கியில் தொங்கியது. ஜனவரியில் தினமும் காலையில் முகர்ந்தாள். பிறகு வாசனை குறைந்தது. குறைவதைத் தெரிந்துகொள்ளப் பிடிக்காமல் முகர்வதை விட்டுவிட்டாள். கொக்கியிலிருந்து எடுக்கத் தொட்டாள்.

இலைகள் விழுந்தன. ஒன்றிரண்டு அல்ல. ஒரே மூச்சில், சத்தமே இல்லாமல், எல்லாம். கையில் குச்சிகளும் மஞ்சள் கம்பியும் நின்றன.

பரணில் உறைகுளிர், ஈரப்பதம் எண்பத்தைந்து சதவீதம். இந்த அறையில் இருபத்திரண்டு டிகிரி, ஈரப்பதம் பதினெட்டு. இந்த எண்களை வைத்து அவள் அறிக்கை எழுதியிருக்கிறாள். சூடேற்றிய வீட்டில் மரச்சாமான் ஏன் வெடிக்கிறது என்று வாடிக்கையாளர்களுக்கு விளக்கியிருக்கிறாள். இருபது வருஷம் இதே வேலை. அப்பா கட்டியதைக் கொண்டுவந்து சூட்டுக் குழாயில் மாட்டியிருக்கிறாள்.

தரையில் உட்கார்ந்து இலைகளைப் பொறுக்கினாள். நொறுங்கியதையும் விடவில்லை. ஒரு தலையணை உறையில் போட்டு வாயைக் கட்டினாள். கோட்டு இன்னும் உடம்பில் இருந்தது.

ஏப்ரல் முதல் சனி. ஹைனோ காலையிலேயே வந்து சவுனாவுக்கு விறகு கொண்டுபோய் வைத்திருந்தார். அம்மா அவருக்குப் பெரிய கோப்பையில் காபியும் கருப்பு ரொட்டியில் தடித்த துண்டாகப் பன்றி இறைச்சியும் வைத்தாள். தின்றுவிட்டு, "நாங்க அடுத்த வாரம் வர்றோம்," என்று அவர் போய்விட்டார்.

ஆய்லி தலையணை உறையை நீட்டினாள். குச்சிகளை நீட்டினாள்.

"இலை நிக்கலம்மா. குழாய் பக்கத்துல மாட்டிட்டேன்."

அம்மா உறையைக் கையில் எடை பார்ப்பது மாதிரி தூக்கிப் பார்த்தாள். திட்டுவாள் என்று ஆய்லி காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும்.

"உங்களுக்கெல்லாம் என்ன படிப்பு சொல்லிக் குடுத்தாங்களோ," என்றாள் அம்மா. அவ்வளவுதான்.

குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு மஞ்சள் கம்பியின் முனையை நகத்தால் தோண்டினாள். ஏழு சுற்றையும் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அம்மா குச்சிகளை அடுப்பில் போட்டாள். கம்பியைத் தன் கவுன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மூன்று மணிக்குச் சவுனா காய்ந்தது. அம்மா துண்டை எடுத்துக்கொண்டு முற்றத்தில் பாதி தூரம் போய்த் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன நிக்கிற? வா."

"நீ தனியா போகணும்னு..."

"வாளியை யாரு தூக்குவா?"

உள்ளே, மேல் பலகையில், இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். எண்பத்தைந்து டிகிரி இருக்கும். வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர்; அதில் தலையணை உறை கட்டியபடியே ஊறிக்கொண்டிருந்தது. தண்ணீர் மெல்ல வெளிர்பழுப்பானது. அம்மா காத்திருந்தாள். அவசரப்படவில்லை.

"ஊத்து."

ஆய்லி ஒரு கரண்டி மொண்டு கல்லில் ஊற்றினாள். சீறியது. ஆவி கூரைக்கு ஏறி, திரும்பி, தோளில் இறங்கியது. வாசனை வந்தது. பச்சைக் காம்பு, வெயில், சட்டைக் கை. அம்மாவின் மூச்சு நின்று, பிறகு நீளமாக வெளியே வந்தது. அவள் கை பலகையில் ஆய்லியின் கையைத் தேடிப் பிடித்தது.

இரண்டாவது கரண்டி. இருந்தது, ஆனால் தூரத்தில்.

மூன்றாவதில் வெறும் சூடும் ஈரமும். கல்லின் வாசனை.

"இன்னும் ஊத்து."

"போயிடுச்சும்மா."

"தெரியும்," என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமல். "ஊத்து."

ஆய்லி ஊற்றினாள்.